ஞாயிற்றுக்கிழமையின் சாவி

ஜோயல்,

ஹாலில் உன் பெட்டி திறந்தபடி கிடக்கிறது. நேற்று நீ அதில் வைத்த ஸ்வெட்டரை உன் நைனா எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, திருப்பதியில் வாங்கினது அந்த ஊர்க் குளிரைத் தாங்குமா என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும். அந்த ஊர்க் குளிரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விக்டோரியா ராணி காலத்தில் அங்கே சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு எந்த ஆலையில் சங்கு ஊதியது, யார் ஊதச் சொன்னார் என்பது தெரியும். நான்கு மாதமாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் நீதான். இங்கிலாந்தில் வேலை உறுதியாகி, தங்க அறையும் கிடைத்த அன்று, போனில் வரைபடத்தைத் திறந்து அந்தத் தெருவை எனக்குச் சுற்றிக் காட்டினாய். உன் ஜன்னலுக்கு எதிரே ஒரு இரும்பு கேட், அதற்குள் பச்சையாக ஒரு மைதானம், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் ஒருவர் பெயர். "நீதான ஹிஸ்டரி படிச்ச, யாருன்னு கண்டுபுடிம்மா" என்று சிரித்தாய். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் நான் பி.ஏ. முடித்து இத்தனை வருடத்தில் என்னிடம் யாராவது கேட்ட முதல் சரித்திரக் கேள்வி அது. விடுவேனா.

இதைத் தமிழில் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் உனக்குத் தெலுங்கும் இங்கிலீஷும்தான். தமிழ் எழுத்தைச் சித்தூரில் நம் சபையின் ஞாயிறு பள்ளியில்தான் கற்றாய். மெதுவாகப் படிப்பாய், அது நல்லதுதான். இன்னொன்று, இதைச் சபையின் மாத இதழுக்கும் கொடுக்கப்போகிறேன். ஏன் என்று படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும். எட்டு வருடமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இதற்குள் இருக்கிறது. நீ விமானம் ஏறுமுன் அதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கல்லில் பெயருள்ள ஆலை முதலாளியின் வழியாகத்தான் அதற்கு வந்து சேர முடிகிறது. பொறுமையாகக் கூட வா.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. நீ தினமும் அந்தக் கல்லைப் பார்க்கத்தான் போகிறாய். அந்த ஊர் நூலகம் தன் பழைய காகிதங்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. உள்ளூர்ப் பத்திரிகைப் பக்கங்கள், விளையாட்டுக் கழகத்தின் கூட்டக் குறிப்புகள், பிறகு ஆலை அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஒருவர் வயதான காலத்தில் எழுதிவைத்த நினைவுகள். இவற்றைக் காலையில் ஆபீஸ் பஸ்ஸில் போனில் படிப்பேன். எங்கள் கம்பெனி இருக்கிற ரேணிகுண்டா வரும்போது நிமிர்ந்து பார்த்தால் வெயில் கண்ணைக் குத்தும். அதுவரை நான் மழையில் நனைந்த ஒரு தெருவில் இருந்திருப்பேன். முதலாளி சிறு பையனாக இருக்கும்போதே அவருடைய அப்பா அவரை நெசவுக் கூடத்தில் நிற்க வைத்துவிட்டார். பஞ்சுத் தூசியில் வளர்ந்து, இருமிக்கொண்டே பெரியவராகி, ஆலை அவர் கைக்கு வந்தபோது, முதலில் அவர் செய்தது புது எந்திரம் வாங்குவது அல்ல. ஆலைக்குப் பின்னால் கொதிகலனின் சாம்பலைக் கொட்டி வைத்திருந்த மேட்டைச் சமப்படுத்தச் சொன்னார். எல்லோரும் அங்கே இன்னொரு கூடம் வரும் என்று நினைத்தார்கள். புல் வந்தது. ஊரே சிரித்ததாம்.

சட்டம் சனிக்கிழமை இரண்டு மணிக்கு வேலையை நிறுத்தச் சொன்னது. இவர் பன்னிரண்டுக்கே நிறுத்தினார். கிரிக்கெட் வந்தது, பிறகு கால்பந்து, வயதானவர்களுக்குப் புல்தரையில் உருட்டும் பந்து. எனக்கு மிகவும் பிடித்தது குளம். ஆலை எந்திரத்தைக் குளிர்வித்துவிட்டு வெளியே போகிற வெந்நீர் வீணாகச் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் குழாய் வைத்து ஒரு தொட்டிக்குத் திருப்பி, கூரை போட்டு, நெசவாளிகளின் பிள்ளைகளை நீந்தச் சொன்னார். அந்தக் குளிர் நாட்டில், எந்திரம் ஓடுகிற வரை வெதுவெதுப்பான தண்ணீர். இதைப் படித்த அன்று எங்கள் மெயின்டனன்ஸ் ஆட்களிடம் போய் நம் கம்பெனியில் வெந்நீர் எங்கே போகிறது என்று கேட்டேன். நம்மிடம் வெந்நீரே இல்லை மேடம், ஏசி தண்ணீர்தான், அதுவும் செடிக்குப் போகிறது என்றார்கள். நான் ஏன் கேட்டேன் என்று அவர்களுக்கு இன்றுவரை புரியவில்லை.

அவர் இதையெல்லாம் ஏன் செய்தார்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தொழிலாளிகள் சாராயக் கடைப் பக்கம் போகாமல் இருக்க என்று ஒரு பத்திரிகை எழுதுகிறது. சங்கம் சேராமல் இருக்க என்று இன்னொன்று. ஆரோக்கியமான ஆள் அதிகத் துணி நெய்வான், அவ்வளவுதான் என்று ஒருவர் கடுப்பாக எழுதியிருக்கிறார். எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த எழுத்தர் ஒரு காட்சி சொல்கிறார். முதலாளி வாழ்நாளில் எந்த விளையாட்டும் ஆடியதில்லை. சனிக்கிழமை மதியம் தொப்பியும் கோட்டுமாக எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்பார். ஒருநாள் பந்து அவர் காலடிக்கு உருண்டு வந்தது. எறியுங்கள் என்று கூப்பிட்டார்கள். அவருக்கு எறியத் தெரியவில்லை. குனிந்து இரண்டு கையாலும் எடுத்து, பிறந்த குழந்தையைத் தூக்கிப் போவது மாதிரி, மைதானம் முழுக்க நடந்து போய்ப் பந்து வீசுகிறவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாராம். யாரும் சிரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அதற்குமேல் அவர் ஏன் செய்தார் என்பதற்கு எனக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை.

இந்த ஆளைப் படித்த வேகத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் கம்பெனியில் போன் சார்ஜர் செய்கிற பெண்கள் எல்லாம் வடமாலபேட்டை, புத்தூர், நகரிப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் என்று உனக்குத் தெரியும். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. கேன்டீனுக்குப் பின்னால் கம்பி வேலி போட்டு ஒரு மைதானம், வலையும் கம்பமும் கூட இருக்கிறது. திறப்பு விழாவுக்குப் பிறகு யாரும் அதில் இறங்கவில்லை. வெல்ஃபேர் ஆபீசர் என்று என் மேஜையில் பலகை இருக்கிறதே, கேட்டுப் பார்ப்போம் என்று மேலதிகாரியிடம் போனேன். சனிக்கிழமை கடைசி ஒரு மணி நேரம் விட்டால் போதும், பெண்கள் த்ரோபால் ஆடுவார்கள் என்றேன். அவர் நல்ல மனிதர்தான். "சனிவாரம் டிஸ்பாட்ச் உந்தி கதா மேடம். ஆதிவாரம் பெட்டுக்கோண்டி" என்றார். சனிக்கிழமை சரக்கு போகணும், ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் அந்த மனிதர் வேலை நேரத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததை, இங்கே அவர்களுடைய ஒரே விடுமுறையிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று அப்போதே மனதில் பட்டது. ஆனால் கிடைத்ததை விடுவானேன் என்று சுற்றறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஞாயிறு ஒன்பது முதல் பதினொன்று வரை மைதானம் திறந்திருக்கும். ஒரு அதிகாரி கூட இருக்கும்போது மட்டும்.

அந்த அதிகாரி யார்? நான் அதை யோசிக்கவே இல்லை. யோசிக்கவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. ஞாயிறு ஒன்பது மணிக்கு நான் எங்கே இருப்பேன் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். என் உதவியாளரிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் செக்யூரிட்டியிடம் சொன்னார். செக்யூரிட்டி, சாவி எடுக்க ஆபீசர் கையெழுத்து வேண்டும் என்று நின்றுவிட்டார். திங்கட்கிழமை வந்து, எப்படிப் போனது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் நான் போக வேண்டியிருக்குமே. நான்கு ஞாயிறு கழித்து, நகரிப் பக்கத்துப் பெண் அமுதா கேன்டீன் வரிசையில் என்னை நிறுத்தினாள். சாலிடரிங் வரிசையில் வேலை செய்கிறவள். வாய் கொஞ்சம் நீளம், எனக்கு அவளைப் பிடிக்கும்.

"கேட்டு பூட்டிக்கினு கீது மேடம். மொத வாரம் பதினோரு பேர் வந்தோம். பஸ் புடிச்சி. வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டு, டீ குடிச்சிட்டுப் போனோம்."

எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை இருக்கிறது, அதனால்தான் வர முடியவில்லை என்றேன். அவள் தட்டைப் பிடித்தபடியே கேட்டாள்.

"உங்களுக்கு சாமி ஞாயித்துக்கெழம. எங்களுக்கு லீவு ஞாயித்துக்கெழம. நடுவுல பந்து இன்னா மேடம் பாவம் பண்ணுச்சி?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சமாளிக்க வேண்டுமே என்று, வாரம் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு ஞாயிறும் வந்து ஓடினால் கால் வலிக்காதா என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளவும் விரும்பினேன். அந்த நெசவாளிகளைப் பற்றியும் இதே சந்தேகம் எனக்கு உண்டு. "நிக்கறதுக்குத்தான் மேடம் கால் வலிக்கும். ஓடறதுக்கு வலிக்காது" என்றாள். அதைச் சொல்லிவிட்டு சாம்பார் ஊற்றுகிற இடத்துக்கு நகர்ந்துவிட்டாள்.

அன்று மாலை பஸ்ஸில், சும்மா ஒரு பிடிவாதத்தில், அந்த ஆலை முதலாளி ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார் என்று தேடினேன். அவரும் பக்தியுள்ள சபைக்காரர். எழுத்தர் எழுதியிருக்கிறார்: ஞாயிறு மைதானம் பூட்டப்படும். சாவி காவலாளியிடம் இல்லை. முதலாளி அதைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஆலயத்துக்குப் போவார். சாம்பல் மேடாக இருந்த காலத்தில் அந்த இடத்துக்கு வேலியும் கிடையாது, கேட்டும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் சாம்பலில் புரண்டு ஆடுவார்கள். புல் வந்த பிறகுதான் சுவர் வந்தது, பூட்டு வந்தது. ஞாயிறு திறந்து விடுங்கள் என்று கழகத்தில் மூன்று முறை கேட்டிருக்கிறார்கள். மூன்று முறையும், தனக்கு ஆட்சேபம் இல்லை, சபை மூப்பர்களுக்குத்தான் பிடிக்காது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மூப்பர்களை யாராவது கேட்டார்களா என்பது தனக்குத் தெரியாது என்று எழுத்தர் ஒரே வரியில் எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

நான் போகவில்லை, ஜோயல். அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். நம் நிறுத்தம் தாண்டிப்போய், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தேன். ஏன் தாமதம் என்று நீ கேட்டாய். டிராஃபிக் என்றேன்.

இப்போது சொல்கிறேன். நீ பத்தாவது முடித்து இன்டர் முதல் வருடம். நாம் சித்தூரில் இருந்தோம். மாவட்ட வாலிபால் அணிக்குத் தேர்வு, திருப்பதியில், ஞாயிறு காலை பத்து மணிக்கு. உன் கோச் வீட்டுக்கே வந்து, இவன் கட்டாயம் வரணும் அம்மா, இவன் கை நெட்டுக்கு மேல ஒரு முழம் போகுது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் நம் சபையில், விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருகிற அறுப்பின் பண்டிகை. வருடா வருடம் ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும்போது, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அவற்றைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிற வேலை உனக்கு. உயரமானவன் என்பதால். போவதா வேண்டாமா என்று நீ என்னைக் கேட்டாய். பாஸ்டர் ஐயாவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான்தான் போனேன். அவர் வேண்டாம் என்பார் என்று நம்பித்தான் போனேன்.

அவர் வராந்தாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "காலைல ஆறு மணி ஆராதனைக்கு வந்துட்டு பஸ் ஏறச் சொல்லும்மா. பூசணிக்காய தூக்கறதுக்கு வேற ஆளு கெடைக்கும்" என்றார். ஜெபம் பண்ணி அனுப்புகிறேன், ஊர்ப் பெயரைக் காப்பாற்றச் சொல் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு நடந்து வந்த பத்து நிமிஷத்தில் என்ன நடந்தது என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அரையாண்டுக் கணக்கு மார்க் மனதில் இருந்தது. அணியில் சேர்ந்தால் மாதம் முழுக்க ஊர் ஊராகப் போவாய், இன்டர் போய்விடும், இன்ஜினியரிங் போய்விடும் என்ற பயம் இருந்தது. அதை உன்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ என்னோடு வாதாடுவாய். வாதத்தில் நீ ஜெயித்துவிடுவாய் என்றும் எனக்குத் தெரியும். நீ துவைத்த ஷூவைச் சுவர்மேல் கவிழ்த்துக் காய வைத்துவிட்டு, கேட்டைப் பிடித்து நின்றிருந்தாய். நான் வாயைத் திறந்தேன். "பாஸ்டர் ஐயா வேணான்னுட்டாருப்பா" என்றேன்.

நீ அழவில்லை. "வாலிபால பத்தி அவருக்கு இன்னாமா தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாய். ஞாயிறன்று ஏலத்தில் நின்றாய். பூசணிக்காயை, வாழைத்தாரை, சேவலை ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் தூக்கினாய். நான் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து உன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைகள் அப்போது பத்து மணி மைதானத்தில் வேறு உயரத்துக்குப் போயிருக்க வேண்டும். அது எனக்கு மட்டுமே தெரியும் என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஆனாலும் எழுந்து போய்ச் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்வதைவிட நேற்றே சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்று தோன்றும். அப்படியே எட்டு வருடம் ஓடிவிட்டது.

என் பொய் உன்னோடு நிற்கவுமில்லை. பையன் ஏன் வாடியிருக்கிறான் என்று சபையில் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அவர்களிடமும் அதையே சொன்னேன். ஐயா இவ்வளவு கண்டிப்பானவரா என்று அவர்கள் வேறு சிலரிடம் சொன்னார்கள். ஆலய வளாகத்தில் சாயங்காலம் வாலிபர்கள் கட்டி ஆடுவார்களே ஒரு வலை, அதை யாரோ ஒருநாள் அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டார்கள். ஐயாவுக்குப் பிடிக்காதாம் என்று பேச்சு. நீ அவருக்கு ஸ்தோத்திரம் சொல்வதை நிறுத்தினாய். அவர் ஓய்வு பெற்றுப் போன அன்று எல்லோரும் வரிசையில் நின்று கைகொடுத்தபோது, நீ வெளியே போய் பைக்கை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டாய். அவர் வரிசையின் முடிவு வரை கண்ணால் உன்னைத் தேடியதை நான் பார்த்தேன். உன் ஷூவை யாருக்கோ கொடுத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ பந்தைத் தொட்டு நான் பார்க்கவில்லை. உன் உயரத்தைப் பார்த்து இன்றும் யாராவது வாலிபாலா, பாஸ்கெட்பாலா என்று கேட்டால், ஒண்ணும் இல்லீங்க என்கிறாய். நீ இன்ஜினியர் ஆனாய். நான் நினைத்தது நடந்தது. அதனால் நான் செய்தது சரி என்று ஆகிவிடுமா என்று பலமுறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். ஆகவில்லை.

போன வாரம் இதை முதலில் உன் நைனாவிடம் சொன்னேன். அவர், ஜோயலுக்குச் சொல்லிட்டியா என்று மட்டும் கேட்டார். உன்னிடம் சொல்லுமுன் நான் சித்தூருக்குப் போனேன். பாஸ்டர் ஐயா இப்போது அங்கேதான் சின்ன வீடு ஒன்றில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், கண் கூர்மை. முழுவதையும் சொன்னேன். சொல்லும்போது குரல் தணிந்துவிட்டது. அவர் காதைப் பக்கத்தில் கொண்டுவந்து, சத்தமாச் சொல்லும்மா என்றார். நான் செய்த தவறைத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி இரண்டாம் முறை சொல்ல வேண்டியதாயிற்று.

"எட்டு வருசமா அந்தப் புள்ள என்ன மொறச்சிக்கினு திரிஞ்சது இதுக்குத்தானா?" என்றார். பிறகு, நான் எதிர்பார்க்காத விதமாக, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நான் என்னமோ என் பிரசங்கம் நீளம்னு நெனச்சிக்கினு இருந்தேன். அவனுக்காகவே சுருக்கிப் பாத்தேன்மா."

சிரித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த நெட்ட யாரு அவுத்தாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா தெரியாது. பசங்க ஏன் வரலன்னு கேட்டா, யாரும் பதில் சொல்லமாட்டாங்க. நான் தெனம் ஜன்னல்ல நின்னு பாக்கற ஆட்டம் அது" என்றார். அவர் சொன்னதில் என்னை மிகவும் சுட்டது இதுதான். என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் என்னை அவ்வளவு எளிதில் விடவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல. நான் கெழவன், மறந்துடுவேன். கேக்க வேண்டியது எங்கிட்ட இல்லையே" என்றார்.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன். உடனே பதில் சொல்ல வேண்டாம். கோபம் வந்தால் கோபப்படு, அது இத்தனை நாள் தவறான விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கடிதத்தைச் சபை இதழுக்குக் கொடுப்பதும் இதனால்தான். அவரைப் பற்றி நான் சொன்னது வாய் வாயாகப் போனது. திருத்தம் மட்டும் நம் வீட்டுக்குள் இருந்தால் எப்படி. உன் பெயரை மாற்றச் சொன்னால் மாற்றிவிடுகிறேன். நான் செய்ததை மாற்றி எழுத மாட்டேன்.

ஊருக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு இப்போது அந்தத் தகுதி கொஞ்சம் குறைவு. ஒன்று மட்டும் சொல்கிறேன். உனக்குக் கீழே ஆட்கள் வேலை செய்கிற நாள் வரும். அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல நேரும்போது, உன் வாயால் சொல். மேனேஜர் வாயை, கம்பெனி விதியை, கடவுள் பெயரைக் கடன் வாங்காதே. உன் வாயால் சொன்னால் அவர்கள் உன்னோடு சண்டை போடுவார்கள். சண்டை போட முடிகிற இடத்தில்தான் மனிதர் மனம் மாற முடியும். அந்த முதலாளியை நான் இப்போது வெறுக்கவில்லை. சாம்பலில் புல் வளர்த்தவர், வெந்நீரை வீணாக்காதவர், பந்தைக் குழந்தை மாதிரி ஏந்திப் போனவர். அதே ஆள்தான் கோட்டுப் பையில் சாவியோடு ஆலயத்தில் உட்கார்ந்து பாடினார். பாடும்போது அந்தச் சாவி அவர் விலாவில் குத்தியிருக்குமா? எந்தக் காகிதத்திலும் அது இல்லை. நீ அங்கே போனதும் தெரிந்துகொள்ள வேண்டியது எனக்கு இன்னொன்று உண்டு. அந்த கேட் இப்போது ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறதா என்று ஜன்னலைத் திறந்து பார்த்துச் சொல்.

நம் பக்கத்துச் செய்தி இது. வருகிற ஞாயிறு நான் காலை ஆறு மணி ஆராதனைக்குப் போகிறேன். அங்கிருந்து நேராக ரேணிகுண்டா. சாவிக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அமுதாவிடம் சொன்னபோது, இந்த வாரமாவது நெசமா மேடம் என்று கேட்டாள். நெசம் என்றேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் ஒன்பது மணிக்கு அந்த கேட் திறக்கும். அது உனக்கும் எனக்கும் நடுவில் உள்ள கணக்கைத் தீர்க்க அல்ல, அந்தப் பெண்களுக்காக. ஆனால் செக்யூரிட்டியிடம் விருந்தினர் பட்டியலில் இரண்டு பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று உன்னுடையது. மற்றவர் சித்தூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருகிறார். உன்னிடம் சொல்லச் சொல்லி ஒரு செய்தி கொடுத்தார். இந்த முறை ஒரு எழுத்தையும் மாற்றாமல் அப்படியே எழுதுகிறேன்.

"அவன வரச் சொல்லும்மா. கை இன்னும் நெட்டுக்கு மேல போகுதான்னு பாக்கணும்."